வலயத்தில் வரலாற்றுச் செயலமர்வு: யாழ்ப்பாணத்தின் புதிய வளவாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

வரலாறு பாடத்துக்கு வளவாளராகவோ (செயலமர்வுகளில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருபவர்) ஆசிரிய ஆலோசகராகவோ உங்களை இப்போதுதான் நியமித்திருக்கிறார்களா? முதல் கடிதத்தை எழுதுவதற்கு முன்னர் இதை ஒருதரம் வாசியுங்கள். யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள் இருக்கின்றன. எந்த வலயத்தில் இருந்தாலும் ஒரு செயலமர்வை ஒழுங்கு செய்யும் படிகள் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் அந்தப் படிகளை ஒரே தாளில் யாரும் எழுதித் தருவதில்லை. ஒருவரிடம் கேட்டு, இன்னொருவரிடம் சரிபார்த்து, கையொப்பத்துக்காகப் பல கதவுகளைத் தட்டித்தான் நானும் படித்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வரக்கூடாது.

செயலமர்வு நடக்கும் நாளுக்கு முந்திய ஆறு கிழமைகளும் பிந்திய ஒரு மாதமும்தான் உண்மையான வேலைக்காலம். கீழே நான் எழுதியிருப்பதில் பாதிக்குமேல் அந்தக் காலத்தைப் பற்றியதாக இருப்பது அதனால்தான்.

1. நியமனக் கடிதத்தை எழுத்தில் வாங்குங்கள்

"சேர், நீங்கள் அனுபவம் உள்ள ஆள், வரலாறை நீங்களே பாருங்கோ" என்று வாயால் சொல்லித்தான் பெரும்பாலும் இந்தப் பொறுப்பு வந்து சேரும். மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் கடிதம் வரும்வரை ஒரு வேலையும் தொடங்காதீர்கள். வலயக் கல்விப் பணிப்பாளரின் கையொப்பத்துடன், உங்கள் அதிபர் ஊடாக வரும் கடிதமாக அது இருக்க வேண்டும். அதில் நாலு விடயங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: எந்தப் பாடம், எந்தத் தரங்கள், கிழமையில் எந்த நாள் அல்லது எத்தனை நாள் உங்கள் பாடசாலையில் இருந்து விடுவிக்கப்படுகிறீர்கள், எந்தக் காலம் வரை.

விடுவிப்பு நாள் எழுதப்படாவிட்டால் பாதிக்கப்படுவது உங்கள் வகுப்புப் பிள்ளைகள். கடிதத்தோடு அதிபரிடம் போய், உங்கள் நேரசூசியை மாற்றி, அந்த நாளில் உங்களுக்குப் பாடவேளை வராதபடி செய்துகொள்ளுங்கள். பதில் ஆசிரியரை நம்பி விட்டுப்போக வேண்டாம். வெளியே போகும் நாளில் கடமை நிமித்தம் போவதாகப் பதிவேட்டில் குறிப்பு இருக்கட்டும். வழியில் ஒரு விபத்து நடந்தாலும், பயணப்படி கேட்டாலும் அந்தக் குறிப்பைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

கடிதத்தில் மூன்று பிரதி எடுங்கள். ஒன்று பாடசாலைக்கு, ஒன்று உங்கள் சுயவிபரக் கோவைக்கு, ஒன்று கைப்பைலுக்கு.

2. யார் வரலாறு படிப்பிக்கிறார்கள் என்று கண்டுபிடியுங்கள்

ஆசிரியர் பட்டியல் வலயத்தில் இருக்கும். அதில் பாடம் என்ற நிரலில் எழுதியிருப்பது நியமனப் பாடம். வகுப்பில் வரலாறு எடுப்பவர் வேறொருவராக இருக்கலாம். சிறிய பாடசாலைகளில் தமிழ் ஆசிரியரோ சைவசமய ஆசிரியரோ குடியியல் ஆசிரியரோ வரலாற்றையும் சேர்த்து எடுப்பது வழமை. பட்டியலை நம்பி அழைப்புக் கடிதம் அனுப்பினால், வர வேண்டியவர்களுக்கு அது போய்ச் சேராது.

ஆகவே ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒரு பக்கத் தகவல் படிவம் அனுப்புங்கள். கேள்விகள் ஐந்து போதும்: 6 ஆம் தரம் முதல் 11 ஆம் தரம் வரை வரலாறு எடுப்பவர் யார், அவருடைய நியமனப் பாடம் என்ன, எத்தனை வருடமாக எடுக்கிறார், எந்த அலகு கடினமாக இருக்கிறது, பாடசாலையில் புரொஜெக்டர் இருக்கிறதா. கோட்டக் கல்விப் பணிமனை ஊடாக அனுப்பினால் திரும்பி வரும். வட்ஸ்அப்பில் மட்டும் போட்டால் பாதிப்பேர் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள்.

படிவம் வந்துசேரும் இடைவெளியில், இரண்டு மூன்று பாடசாலைகளில் தவணைப் பரீட்சை விடைத்தாள்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பிள்ளைகளின் பெயர் தேவையில்லை. வலயத்தின் சாதாரண தரப் பெறுபேற்றுப் பகுப்பாய்வு எத்தனை பேர் சித்தியடைந்தார்கள் என்று சொல்லும், ஏன் புள்ளி போனது என்று சொல்லாது. விடைத்தாளில் அது தெரியும். இலங்கை வரைபடத்தில் இடங்களைத் தவறான கரையில் குறித்திருப்பார்கள். காரணம் கேட்ட இடத்தில் சம்பவத்தைக் கதையாக எழுதியிருப்பார்கள். மூலாதாரம் என்றால் மகாவம்சம் என்ற ஒரு பெயரோடு நின்றிருப்பார்கள். இவற்றில் ஒன்றை மட்டும் எடுங்கள். ஒரு நாளில் மூன்று பிரச்சினைகளைத் தீர்க்கப் புறப்பட்ட செயலமர்வு எதையும் தீர்த்து நான் காணவில்லை.

பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும் தேசிய கல்வி நிறுவகத்தின் இணையத்தளத்தில் தமிழிலேயே கிடைக்கும். பாடத்திட்டம் மாறிவரும் காலம் இது. எந்தத் தரத்துக்கு எந்தப் பதிப்பு நடைமுறையில் இருக்கிறது என்று உங்கள் உதவிக் கல்விப் பணிப்பாளரிடம் கேட்டு உறுதிசெய்த பின்னரே பிரதி எடுங்கள்.

3. நாள் குறிக்க முன்னர் கலண்டரைப் பாருங்கள்

தவிர்க்க வேண்டிய காலங்கள் இவை: தவணையின் முதற் கிழமை, தவணைப் பரீட்சைக்கு முந்திய இரண்டு கிழமை, இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம், சாதாரண தர உயர்தர விடைத்தாள் திருத்தும் காலம். திருத்தும் பணிக்குப் போகிறவர்களில் அனுபவமுள்ள வரலாற்று ஆசிரியர்களும் அடங்குவார்கள். அவர்கள் இல்லாத செயலமர்வில் மற்றவர்களுக்கு வழிகாட்ட ஆள் இருக்காது.

நல்லூர்த் திருவிழா 25 நாள். அந்த நாட்களில் நல்லூரைச் சுற்றிய வீதிகள் மறிக்கப்பட்டிருக்கும். தொல்பொருள் அருங்காட்சியகத்திலோ அதன் அயலிலோ நிகழ்ச்சி வைக்க நினைத்தால் வேறு மாதம் பாருங்கள். வாணி விழாக் கிழமையிலும் பாடசாலைகள் ஆசிரியர்களை விட விரும்பாது.

தீவக வலயத்தில் இருக்கிறீர்கள் என்றால், அல்லது தீவகத்தவர்களையும் சேர்த்து அழைக்கிறீர்கள் என்றால், நெடுந்தீவுப் படகு நேரத்தைக் கேட்டபின் ஆரம்ப நேரத்தைத் தீர்மானியுங்கள். குறிகட்டுவானுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம், அங்கிருந்து பட்டணத்துக்கு பஸ். கடல் கொந்தளித்தால் படகே வராது. காலை எட்டு மணி என்று போட்டுவிட்டு, பத்து மணிக்கு வருகிறவரைப் பிந்தி வந்தவர் என்று பதிவது அநியாயம். மாலையில் கடைசிப் படகு போய்விட்டால் அந்த ரீச்சர் எங்கே தங்குவார் என்றும் யோசியுங்கள்.

நாள் முடிவானதும் பின்னோக்கி எண்ணுங்கள். ஆறு கிழமைக்கு முன்னர் முன்மொழிவும் செலவு மதிப்பீடும் வலயத்துக்குப் போக வேண்டும். நாலு கிழமைக்கு முன்னர் அங்கீகாரம் கையில் இருக்க வேண்டும். இரண்டு கிழமைக்கு முன்னர் அழைப்புக் கடிதம் அதிபர்களுக்குப் போக வேண்டும். மூன்று நாளுக்கு முன்னர் ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு. அந்த அழைப்பைச் சோம்பலில் விடாதீர்கள். கடிதம் அதிபரின் மேசையிலேயே கிடந்திருக்கும், ஆசிரியருக்குச் செய்தியே போயிராது.

4. பணமும் கோவையும்

இந்தப் பகுதியில்தான் புதியவர்கள் களைத்துப் போகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

அரச நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. உங்கள் செயலமர்வு வலயத்தின் வருடாந்தத் திட்டத்தில் இருந்தால் பணம் கிடைக்கலாம். இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல திட்டமானாலும் "அடுத்த வருடம் பார்ப்போம்" என்பதுதான் பதில். அடுத்த வருடத் திட்டம் தயாரிக்கும்போது, வரலாறு என்ற பெயரில் ஒரு வரியாவது அதில் ஏறுகிறதா என்று பிரதிக் கல்விப் பணிப்பாளரிடம் நேரில் கேளுங்கள். கேட்காத பாடத்துக்கு ஒதுக்கீடு வராது. விஞ்ஞானம், கணிதம், ஆங்கிலம் எப்படியும் ஏறிவிடும். வருடக் கடைசியில் மிச்சம் இருக்கும் பணத்தை நம்பியும் இருக்க வேண்டாம். டிசம்பரில் வரும் பணத்துக்கு ஆசிரியர்கள் வரமாட்டார்கள்.

செலவு மதிப்பீடு போடும் முறை இது. முப்பது ஆசிரியர்கள், வளவாளர்களும் உதவியாளர்களும் ஐந்து பேர், மொத்தம் 35. ஆளுக்கு எட்டுப் பக்கம் என்றால் 280 பக்கம் போட்டோக் கொப்பி. பக்கம் 10 ரூபா என்று வைத்தால் 2,800. காலையும் மாலையும் தேநீரும் சிற்றுண்டியும் ஒருதரம் 150 ரூபா என்றால் 10,500. மதிய உணவுப் பார்சல் 400 ரூபா என்றால் 14,000. ஆகமொத்தம் 27,300 ரூபா. இந்த விலைகள் கணக்குக் காட்டுவதற்காகப் போட்டவை. நீங்கள் கடையில் கேட்ட விலையைப் போடுங்கள். டிமை தாள் (சுவரில் ஒட்டும் பெரிய தாள்), மார்க்கர் பேனை, கம் ரேப் ஆகியவற்றைத் தனி வரியில் எழுதுங்கள். "ஏனைய செலவு" என்று ஒரு தொகையைப் போட்டால் கணக்குக் கிளையில் அதை வெட்டிவிடுவார்கள்.

உணவுக்கு வேறு வேறு கடைகளில் கூறுவிலை வாங்க வேண்டி வரலாம். எத்தனை வேண்டும், என்ன தொகைக்கு மேல் வேண்டும் என்று கணக்குக் கிளையில் முன்கூட்டியே கேளுங்கள். கூறுவிலைத் தாளில் கடையின் பெயர், முகவரி, திகதி, றப்பர் முத்திரை, கையொப்பம் எல்லாம் இருக்க வேண்டும். வீட்டில் சமைத்துத் தரும் அக்கா நல்ல சாப்பாடு தருவார், விலையும் குறைவு. ஆனால் முத்திரையோடு பற்றுச்சீட்டு அவரிடம் இருக்காது. அவரிடம் எடுக்க விரும்பினால் முதலிலேயே வழி கேளுங்கள். சாப்பிட்டு முடிந்தபின் கேட்டால் அந்தப் பணம் உங்கள் கையிலிருந்துதான் போகும்.

ஒரு பணிமனையில், மதிப்பீட்டில் "ஆசிரியர்கள் 30" என்றும் வரவுப் பதிவில் 27 கையொப்பம் என்றும் இருந்ததற்காக முழு வவுச்சரையும் திருப்பி அனுப்பியதைக் கண்டிருக்கிறேன். மூன்று பார்சல் மிஞ்சியதற்கு ஒரு சிறு விளக்கக் குறிப்பை அப்போதே இணைத்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். மாதங்கள் இழுபட்டது. ஆகவே வரவுப் பதிவில் பெயர், பாடசாலை, வந்த நேரம், போன நேரம், இரண்டு கையொப்பம் என நிரல்கள் இருக்கட்டும். எண்ணிக்கை மாறினால் அன்றே எழுதி, பொறுப்பான அலுவலரிடம் கையொப்பம் வாங்குங்கள்.

கோவையில் இந்த ஒழுங்கில் தாள்களை வையுங்கள்: முன்மொழிவு, மதிப்பீடு, அங்கீகாரக் கடிதம், கூறுவிலைகள், அழைப்புக் கடிதத்தின் பிரதி, நிகழ்ச்சி நிரல், வரவுப் பதிவு, பற்றுச்சீட்டுகள், அறிக்கை. முகாமைத்துவ உதவியாளர் இந்த ஒழுங்கைக் கண்டால் முகம் மலர்ந்து வேலையை முடித்துத் தருவார்.

முற்பணம் எடுத்தால் கணக்கை உரிய காலத்துக்குள் தீர்க்க வேண்டும். தீர்க்காத முற்பணம் உங்கள் பெயரில் இருக்கும்வரை அடுத்த நிகழ்ச்சிக்குக் கிடைக்காது.

5. இடம்

ஆசிரிய மத்திய நிலையம் என்றால் வாடகைப் பிரச்சினை இல்லை. முன்பதிவுப் புத்தகத்தில் உங்கள் பெயரை எழுதிவிட்டு வாருங்கள், வாய்ச்சொல் போதாது. புரொஜெக்டரை முதல்நாள் போட்டுப் பாருங்கள். மின்சாரம் நின்றாலும் நடத்தக்கூடிய செயலமர்வாகத் திட்டமிடுங்கள்: படங்கள் அச்சில் இருக்கட்டும். மலசலகூடத்தின் திறப்பு யாரிடம் என்று கேட்டு வையுங்கள். பெண் ஆசிரியர்கள் அதிகம் வரும் பாடம் இது.

6. ஒரு மூலாதாரத்தை மேசையில் வையுங்கள்

ஆறு மணித்தியாலம் விரிவுரை கேட்ட ஆசிரியர் அடுத்த நாள் வகுப்பில் செய்ய எதுவும் கையில் இல்லாமல் போவார். ஒரு மூலாதாரத்தைத் தாங்களே வாசித்து, அதிலிருந்து ஒரு பாடவேளையைத் தயாரித்துக்கொண்டு போனால் அடுத்த நாளே பயன்படுத்துவார். யாழ்ப்பாணத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை.

நான் விரும்பி எடுப்பது நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோவிலில் உள்ள கல்வெட்டு. 12 ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையில் இருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை, தமிழில் பொறிக்கப்பட்டது. ஊராத்துறைக்கு (இன்றைய ஊர்காவற்றுறை) வரும் பரதேசி வணிகர்களுக்கு, அதாவது பிறநாட்டு வணிகர்களுக்கு, பாதுகாப்புத் தர வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு கொண்டுவரும் மரக்கலம் கெட்டால் பாதிக்குப் பாதி. இவ்வளவுதான் விடயம்.

இதை அச்சிட்டு, நாலு பேர் கொண்ட குழுக்களுக்குக் கொடுங்கள். விளக்கம் சொல்ல வேண்டாம். மூன்று கேள்வி மட்டும்: பொலன்னறுவை அரசன் ஏன் தமிழில் ஆணை எழுதுவித்தான்? யானை, குதிரைக்கு மட்டும் ஏன் அரசன் குறைந்த பங்கு எடுக்கிறான்? இந்தக் கல்வெட்டு எங்களுக்குச் சொல்லாதது என்ன? இரண்டாவது கேள்வியில் மண்டபம் சூடுபிடிக்கும். படைக்குத் தேவையான விலங்குகள் தொடர்ந்து வர வேண்டும், ஆகவே வணிகனுக்கு நட்டம் குறைய வேண்டும் என்று ஒரு குழு சொல்லும். அதற்குக் கல்வெட்டில் ஆதாரம் எங்கே என்று இன்னொரு குழு கேட்கும். அந்தக் கேள்வி ஆசிரியர்கள் வாயிலிருந்து வந்துவிட்டால் நீங்கள் நடத்த வந்த செயலமர்வு நடந்துவிட்டது.

ஆனைக்கோட்டை முத்திரையும் இப்படிப் பயன்படும். 1980 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு பெருங்கற்கால ஈமத்தில் (புதைகுழியில்) கண்டெடுத்தது. மேல்வரியில் குறியீடுகள், கீழ்வரியில் பிராமி எழுத்துகள். வாசிப்பில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை, வகுப்புக்கு அதுதான் நல்ல பாடம். பத்தாம் தரத்தில் மூலாதாரங்கள் பற்றிய அலகோடு நேராகப் பொருந்தும்.

ஓர் எச்சரிக்கை. எங்கள் மண்ணில் வரலாறு என்றால் உணர்ச்சி எழும். யார் முதலில் வந்தவர் என்ற வாதம் தொடங்கினால் மதியச் சாப்பாடு வரை அதுவே ஓடும். வாதத்தை அடக்க வேண்டாம். "இதற்கு எந்த மூலாதாரம்? அது எக்காலத்தது? யார் எழுதியது?" என்று சுவரில் ஒரு டிமை தாளில் பெரிதாக எழுதி ஒட்டி வையுங்கள். பாடநூலை விமர்சிப்பவரிடமும் பாடநூலே போதும் என்பவரிடமும் அதே மூன்று கேள்வியைக் கேளுங்கள். பல இழப்புகளைக் கண்ட ஆசிரியர்கள் அந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். அவர்களுடைய கோபத்துக்கு மரியாதை கொடுத்துத்தான் ஆதாரத்தின் பக்கம் அழைத்து வர வேண்டும்.

வாசிப்புக்கு, நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தில் பழைய இதழ்களும் ஆய்வு நூல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. பக்கங்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

7. வெளியே அழைத்துச் செல்வதென்றால்

கந்தரோடை, கோட்டை, நல்லூர் மந்திரிமனை, சங்கிலியன் தோரணவாயில் எல்லாம் அரைநாளில் பார்க்கக்கூடியவை. ஆனால் மூன்றுக்குமேல் எடுக்க வேண்டாம். கந்தரோடையில் ஒரு மணித்தியாலம் நின்று, சிறு தாதுகோபுரங்களை அளந்து, வரைந்து, கேள்வி எழுதினால் அது பயிற்சி. பஸ்ஸில் இருந்து இறங்கிப் படம் எடுத்து ஏறினால் சுற்றுலா.

தொல்லியல் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ள இடங்களுக்கு முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். வலயத்தின் அங்கீகாரக் கடிதத்தில் இடங்களின் பெயர், வாகன விபரம், பங்குபற்றுவோர் பட்டியல் இருக்க வேண்டும். தரையில் கிடக்கும் ஓட்டுத்துண்டு ஒன்றைக்கூட யாரும் பொக்கற்றில் போடக்கூடாது. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அது இல்லாவிட்டாலும், வரலாற்று ஆசிரியர் எடுத்தால் பிள்ளையும் எடுக்கும்.

8. அன்றைய நாள்

நேரத்துக்குத் தொடங்குங்கள், நேரத்துக்கு முடியுங்கள். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை என்று காலை போய்விடாமல், பணிப்பாளரைப் பத்து நிமிடத்துக்கு மட்டும் அழையுங்கள். வெள்ளிக்கிழமை என்றால் எல்லாருக்கும் சைவம். இஸ்லாமிய ஆசிரியர்கள் இருந்தால் ஜும்ஆ நேரத்தை நிகழ்ச்சி நிரலிலேயே ஒதுக்குங்கள். கடைசி ஒரு மணித்தியாலத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள். அதில் ஒவ்வொரு ஆசிரியரும் தான் எந்த வகுப்பில், எந்தத் திகதியில் இந்தப் பாடத்தைச் செய்யப் போகிறார் என்று எழுதித் தர வேண்டும். அந்தத் தாள்தான் அடுத்த படிக்கு உங்கள் ஆதாரம்.

9. வகுப்பறைக்குப் போங்கள்

பெரும்பாலான செயலமர்வுகள் சான்றிதழோடு முடிந்துவிடுகின்றன. அடுத்த மாதத்துக்குள் ஐந்தாறு பாடசாலைகளுக்காவது போகாவிட்டால் செலவழித்த பணத்துக்குப் பலன் குறைவு. முதலில் பட்டணப் பாடசாலைகளைத் தெரிய வேண்டாம். நியமனப் பாடம் வேறாக இருந்தும் வரலாறு எடுக்கிற அந்தச் சிறிய பாடசாலை ஆசிரியரிடம் முதலில் போங்கள்.

போவதற்கு முன்னர் அதிபருக்கும் ஆசிரியருக்கும் அறிவியுங்கள். மேற்பார்வை என்றதும் எங்கள் ஆசிரியர்களுக்குப் பயம் வரும், அதற்குக் காரணமும் உண்டு. "ரீச்சர், நான் புள்ளி போட வரேல்லை. உங்களோட இருந்து பார்க்க வந்தனான்" என்று சொல்லி, கடைசி வாங்கில் பிள்ளைகளோடு இருங்கள். கையில் படிவம் வேண்டாம். பாடம் நடக்கும்போது குறுக்கிடவே கூடாது. பிழையான வருடம் சொல்லப்பட்டாலும் அப்போது வாய் திறக்க வேண்டாம். பாடம் முடிந்தபின், மரநிழலிலோ நூலகத்திலோ இருந்து, முதலில் அவரைப் பேச விடுங்கள். பிறகு நீங்கள் கண்ட நல்லது ஒன்று, மாற்றக்கூடியது ஒன்று. அதிபர் அறைக்குள் இந்தக் கதை நடக்கக்கூடாது.

ஒரு ஆசிரியர் பாடத்தை நன்றாகச் செய்தால், அடுத்த செயலமர்வில் அவரையே அதைச் செய்துகாட்ட அழையுங்கள். இரண்டு வருடத்தில் உங்கள் கோட்டத்தில் நாலு வளவாளர்கள் உருவாகிவிடுவார்கள். பணம் வராத வருடத்திலும் அவர்கள் பிற்பகலில் ஒரு பாடசாலையில் கூடிப் பேசுவார்கள்.

10. அறிக்கை

ஒரு கிழமைக்குள் இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள்: நோக்கம், வந்தவர்கள், செய்த வேலை, ஆசிரியர்கள் தயாரித்த பாடத்தின் மாதிரி ஒன்று, செலவு, அடுத்து வேண்டியது. படம் இரண்டு போதும். பங்குபற்றியதை உறுதிப்படுத்தும் கடிதத்தை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். அவர்களின் சுயவிபரக் கோவையில் அது சேர வேண்டும், பின்னர் தேடி வந்து கேட்பார்கள்.

கோவையின் உள்ளட்டையில் ஒரு தாளை ஒட்டி, எந்தக் கடிதம் எந்தத் திகதியில் யாரிடம் போனது, எந்தத் திகதியில் திரும்பி வந்தது என்று எழுதுங்கள். நீங்கள் இடமாற்றம் பெற்றுப் போகும்போது கோவையை உங்களுக்குப் பிறகு வரும் வளவாளரிடம் நேரில் கொடுத்து, கையொப்பம் வாங்குங்கள்.